ஹாக்விண்ட் குழுவின் ‘ஸ்பேஸ் ரிச்சுவல்’: ஆடி மழையில் நான்கு பக்கங்கள்

நீலகிரி மலையில் இருக்கும் எங்கள் முத்தோரை பாலாடாவில் ஆடி பிறந்துவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். கேரட் தோட்டங்களின் மேல் மேகம் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தில் தொலைக்காட்சிச் செய்திகூடக் காதில் விழாது. வேறு எந்தச் சங்கீதத்தையும் நிம்மதியாகக் கேட்க முடியாத அந்தப் பருவத்தில், மழையோடு போட்டி போட்டு ஜெயித்த ஒரே இசைத்தட்டைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாக்விண்ட் குழு 1973 மே மாதம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ என்ற இரட்டை எல்.பி. அது. 1972 டிசம்பரில் லிவர்பூல் ஸ்டேடியத்திலும், லண்டன் பிரிக்ஸ்டனில் இருந்த சன்டவுன் அரங்கிலும் கூட்டத்துக்கு முன்னால் வாசித்ததைப் பிடித்து, நான்கு பக்கங்களில் அடக்கியிருக்கிறார்கள்.

குழுவைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெருவோரங்களில் கிட்டார் வாசித்துச் சில்லறை சேர்த்துக்கொண்டிருந்த டேவ் பிராக் என்பவர், 1969-இல் லண்டனின் லாட்புரோக் குரோவ் வட்டாரத்தில் தொடங்கிய குழு இது. முதல் மேடை ஏறியபோது இவர்களுக்கு ஒழுங்கான பெயர்கூட இல்லை. ‘குரூப் எக்ஸ்’ என்று சொல்லிக்கொண்டு ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி நெடுநேரம் வாசித்துவிட்டு இறங்கினார்கள். அன்று கூட்டத்தில் இருந்த பி.பி.சி. வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல், இவர்கள் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி அங்கிருந்த மேலாளர் ஒருவரிடம் சொன்னார். மறு வருடம் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த பெரிய இசை விழாவில் டிக்கெட் வாங்கியவர்கள் வேலிக்கு உள்ளே இருக்க, இவர்கள் வேலிக்கு வெளியே, டிக்கெட் வாங்க வழியில்லாதவர்களுக்காக இலவசமாக வாசித்தார்கள். சாக்ஸபோன் வாசிக்கும் நிக் டர்னர் முகம் முழுக்க வெள்ளி வண்ணம் பூசிக்கொண்டு அங்கே திரிந்தார். இந்த ‘வேலிக்கு வெளியே’ என்ற குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் இந்த ஆல்பம் பிடிபடும். மேடைக்கு மேலே இருப்பவன் வித்வான், கீழே இருப்பவன் ரசிகன் என்ற பிரிவினையை இவர்கள் பெரிதாக மதிக்கவில்லை.

இவர்களுடைய இசையை சைகடெலிக் (மனத்தை மயக்கும் இசை) என்றும் ஸ்பேஸ் ராக் (விண்வெளியைக் கற்பனை செய்யும் ராக்) என்றும் வகைப்படுத்துகிறார்கள். முதல் சொல்லுக்கும் போதைப்பொருளுக்கும் இருக்கும் சம்பந்தத்தை நான் மறைக்கப் போவதில்லை. அந்தக் காலத்து லண்டனில் மேடையிலும் மேடைக்கு எதிரிலும் அது தாராளமாகப் புழங்கியது. குழுவில் சிலரை அது பிற்பாடு பாடாய்ப் படுத்தியது. நான் இந்த இசைத்தட்டைக் கேட்பது சுக்கு மல்லிக் காபியோடு. மயக்கத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

என் கைக்கு இது வந்த கதை அவ்வளவு இனிமையானதல்ல. தபாலில் அனுப்பும் கடை ஒன்றில், ஒரு மாதப் பால் கணக்கைப் போல் சில மடங்கு பணம் கட்டி வாங்கினேன். மலை ஏறி வந்து சேர்ந்தபோது அட்டையின் ஒரு மூலை மடங்கியிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். ‘பரிசீலிக்கிறோம்’ என்ற ஒரு வரிப் பதிலோடு அந்த விவகாரம் முடிந்துவிட்டது. அதைவிடப் பெரிய எதிரி எங்கள் ஊர் ஈரம். இங்கே இரண்டு மாதம் அலமாரியில் சும்மா வைத்திருந்தால் தோல் செருப்பே பச்சை பூத்துவிடும். அட்டைக்குள் இருக்கும் இசைத்தட்டு எம்மாத்திரம்? இரண்டாம் வருடம் எடுத்துப் பார்த்தபோது மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்த பிறகு போய்விட்டாலும், அந்த இடத்தில் ஊசி இன்னமும் லேசாகப் பொரிகிறது. மலையில் எல்.பி. வாங்குகிறவர்கள் அரிசி டப்பாவுக்குப் போடுவது போல ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களையும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பார்னி பபிள்ஸ் என்ற ஓவியர் வடிவமைத்தது. சாதாரண இரட்டை எல்.பி. புத்தகம் போல ஒரு முறை திறக்கும். இது திறந்த பிறகும் விரிந்துகொண்டே போகிறது. முழுவதையும் பிரித்துப் போட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மறைந்துவிடுகிறது. முகப்பில், குழுவோடு மேடையில் ஆடிய ஸ்டேசியா என்ற பெண்ணின் உருவம் ஒரு தேவதையைப் போலத் தீட்டப்பட்டிருக்கிறது. சி.டி.யில் இந்த ஓவியமெல்லாம் தீப்பெட்டிப் படம் போலச் சுருங்கிவிடுவதால், அட்டைக்காகவே எல்.பி. வாங்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. மூலை மடங்காமல் வந்தால்.

இனி இசைக்கு வருவோம். முதல் பக்கத்தில் ஊசியை வைத்தவுடன் பாட்டு வருவதில்லை. அடிவயிற்றில் அதிரும் ஒரு முனகல் வருகிறது, அதன் மேல் மின்கருவிகளின் கீச்சொலிகள் வந்து போகின்றன, தூரத்தில் எதுவோ நெருங்கி வருவது போலத் தோன்றுகிறது. ஒன்றரை நிமிடம் ஆகியும் நெருங்கி வருவது எது என்று தெரிவதில்லை. பிறகு, மூடுபனிக்குள் இருந்து முதலில் விளக்கும் அப்புறம் ரேடியேட்டரும் கடைசியில் முழு லாரியும் வெளிப்படுவது போல, ‘பார்ன் டு கோ’ என்ற பாட்டு உருவம் பெறுகிறது. தலைகுந்தா சாலையில் டிசம்பர் காலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். அந்தப் பாட்டு பத்து நிமிடம் ஓடுகிறது. அது முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ‘நன்றி வணக்கம்’ கிடையாது, சுருதி சேர்க்கும் இடைவெளி கிடையாது. மின்னொலிகளும் கவிதை வாசிப்பும் அந்த இடைவெளிகளை நிரப்பி, ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சாக ஆக்கிவிடுகின்றன.

இதற்குப் பின்னால் ஒரு கதைச் சட்டகம் இருக்கிறது. விண்கலத்தில் உறைதுயிலில் கிடக்கும் ஏழு பயணிகள் காணும் கனவுகளே இந்த நிகழ்ச்சி என்பது பொதுவான எண்ணம். மேடையில் ஒவ்வொருவருடைய ஆம்ப்பும் ஸ்பீக்கரும் எந்த இடத்தில், எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதைக்கூட, கோள்களின் சங்கீதம் பற்றிப் பித்தாகரஸ் சொன்ன கருத்தை வைத்து பார்னி பபிள்ஸ் அமைத்தார். கேட்கும்போது இதெல்லாம் நினைவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. நான் முதல் ஐந்தாறு முறை கேட்டபோது இந்தக் கதை எனக்குத் தெரியவே தெரியாது.

வாசிப்பவர்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால், பேஸ் கிட்டார் வாசிக்கும் லெம்மியைத் தவிர வேறு யாரையும் பெரிய வித்தைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. டேவ் பிராக் இரண்டு மூன்று கார்டுகளை (சுரக்கூட்டுகளை) வைத்துக்கொண்டு சலிக்காமல் அறுத்துக்கொண்டே இருக்கிறார். சைமன் கிங்கின் டிரம்ஸில் அலங்காரம் கிடையாது. நேரான, தளராத ஓட்டம். லெம்மி அடிப்படையில் கிட்டார்காரர் என்பதால் பேஸ் கிட்டாரை வழக்கம்போல ஒற்றை ஒற்றைச் சுரமாக மீட்டாமல், பல கம்பிகளைச் சேர்த்து உரக்க அடிக்கிறார். இதனால் பேஸ் அடியில் தங்காமல் மேலெழுந்து, இரண்டாவது கிட்டாராகவும் ஒரு மதகைத் திறந்துவிட்ட தண்ணீராகவும் ஓடுகிறது. 1975-இல் கனடா எல்லையில் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டதைச் சாக்காக வைத்து இவரைக் குழுவை விட்டு நீக்கினார்கள். அவர் போய் மோட்டார்ஹெட் என்ற குழுவைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றார். அந்தப் புகழை மட்டும் அறிந்தவர்கள் இந்த ஆல்பத்தில் அவருடைய பேஸைக் கேட்க வேண்டும். அதிலும் மூன்றாம் பக்கத்தின் முதல் பத்து நிமிடம் அவருடையது.

மின்கருவிகளை இருவர் கவனித்தார்கள். டெல் டெட்மார் கையாண்ட வி.சி.எஸ். 3 என்ற சிந்தசைசர், லண்டன் பட்னியில் இருந்த இ.எம்.எஸ். நிறுவனம் 1969-இல் கொண்டுவந்தது. அதில் ஹார்மோனியக் கட்டைகள் கிடையாது. சின்னச் சின்ன ஆணிகளைத் துளைகளில் குத்தி, எந்த ஒலி எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். டிக் மிக் என்பவர் வைத்திருந்தது அதைவிட எளிமையானது. பாலிடெக்னிக் லேபில் சிக்னல் ஜெனரேட்டரைத் திருகிப் பார்த்தவர்களுக்கு அது பழைய நண்பன்: குமிழைத் திருப்பினால் அதிர்வெண் ஏறும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இறங்கும், அவ்வளவுதான். அந்த ஊளையை எதிரொலிக் கருவி வழியாக விட்டு, மொத்தக் குழுவின் மேலும் பரப்பிவிடுகிறார். ஆசிரியர் பார்க்காத நேரத்தில் நாங்கள் லேபில் செய்த குறும்பை இவர் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் முழுநேர வேலையாகச் செய்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த ஊளையால் ஒரு நாள் வேடிக்கையும் நடந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர், அறுபதைத் தாண்டிய படகர், என்னிடம் வாங்கிப் போன மருந்தடிக்கும் டேங்கைத் திருப்பித் தர வந்தார். வாசலிலேயே நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “தம்பி, மோட்டார்ல ஏர் பிடிச்சிருக்கு போல, நிறுத்திடுங்க, காயில் போயிடும்” என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மூன்றாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ‘ஆர்கோன் அக்யூமுலேட்டர்’ என்ற அந்தப் பாட்டில் ஒரே உருட்டல் மெட்டு, ஏறாமல் இறங்காமல், கிட்டத்தட்டப் பத்து நிமிடம் போகிறது.

“இதுல பாட்டு எப்ப வரும்?” என்றார்.

“இதுதான் அண்ணா பாட்டு.”

காபி குடித்து முடிக்கும்வரை அவர் பேசவில்லை. தம்ளரைக் கீழே வைத்த கை நாற்காலிக் கட்டையின் மேல் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார்: “எங்க ஊர் ஆட்டத்துலயும் இப்படித்தான். முதல் அரை மணி நேரம் கால் வலிக்கும். அப்புறம் வலிக்காது.”

இந்தக் குழுவின் நேரடி நிகழ்ச்சிகள் ஏன் இத்தனை வருடம் கழித்தும் ஆட்களை இழுக்கின்றன என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் வெள்ளை உடுத்திய ஆண்கள் வட்டம் கட்டி ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே அடவு சில்லறைதான், மெட்டும் அதிகம் மாறாது. வெளியில் நின்று பார்ப்பவனுக்கு ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். வட்டத்துக்குள் கால் வைத்தவனுக்கு நேரம் போவது தெரியாது. ஒரு காலத்தில் படகர்களின் விழாவுக்கும் சாவுக்கும் இதே மலையின் பழங்குடியான கோத்தர்களே வந்து குழலும் கொட்டும் வாசித்தார்கள். அந்தக் கோத்தர் இசையும் சிறிய சுரக்கட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்து ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் ரகம்தான். ஹாக்விண்டையும் மற்றவர்களைப் போலக் கிட்டார் வித்தைக்காகவோ குரலினிமைக்காகவோ கேட்கப் புகுந்தால் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவோம். வட்டத்துக்குள் நுழைந்து, முதல் அரை மணி நேரக் கால்வலியைப் பொறுத்துக்கொண்டால், ‘பிரெய்ன்ஸ்டார்ம்’ வரும்போது ஆட்டம் நம்மை ஆட்டிக்கொண்டிருக்கும். ஸ்டூடியோ ஆல்பங்களில் இந்தக் கால்வலிக்கு நேரம் போதுவதில்லை. இவர்களுடைய ஸ்டூடியோப் பதிவுகளை நான் வாங்கியிருக்கிறேன். மரியாதையோடு அலமாரியில் இருக்கின்றன. ‘மாஸ்டர் ஆஃப் தி யூனிவர்ஸ்’ 1971-இல் ஸ்டூடியோவில் பதிவானபோது நல்ல பாட்டு. அதே பாட்டு இங்கே நான்காம் பக்கத்தின் முடிவை ஒட்டி வரும்போது, முந்தைய எழுபது எண்பது நிமிடங்களின் பாரத்தையும் சேர்த்துக்கொண்டு வந்து விழுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு வானொலியிலும் வீதியிலும் பெயர் வாங்கித் தந்தது 1972-இல் வந்த ‘சில்வர் மெஷின்’ என்ற தனிப்பாட்டு. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது மூன்றாம் இடம் வரை போனது. அந்தப் பணத்தை வைத்துத்தான் இந்தப் பெரிய மேடை நிகழ்ச்சியையே கட்டினார்கள். அதுவும் நேரடி நிகழ்ச்சியில் பிடித்த பதிவுதான் என்றாலும், லெம்மியின் குரலைப் பிற்பாடு ஸ்டூடியோவில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட பாட்டு இந்த ஆல்பத்தில் இல்லை. நம்மூர் மெல்லிசைக் குழு எதுவும் தன்னுடைய ‘ஒன்ஸ் மோர்’ பாட்டை விட்டுவிட்டுக் கேசட் போட்டிருக்காது. இருந்தும் இரட்டை ஆல்பம் பிரிட்டனில் ஒன்பதாம் இடம் வரை வந்தது.

நான்காம் பக்கத்தில் இரண்டாவதாக வரும் ‘சோனிக் அட்டாக்’ பாட்டே அல்ல. அறிவியல் புனைகதை எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் எழுதியதை ராபர்ட் கால்வெர்ட் என்ற கவிஞர் வாசிக்கிறார். ஒலி ஆயுதத்தால் தாக்குதல் நடந்தால் பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும் என்ற அரசாங்க அறிவிப்பைக் கேலி செய்யும் உரை அது. முதலில் அதிகாரியின் நிதானம். வரவர அந்த நிதானத்துக்கு அடியில் இருக்கும் பீதி கசிகிறது. கடைசியில் அறிவிப்பவரே கட்டுப்பாடு இழந்துவிடுகிறார். நிறையப் பேர் இதைச் சிரித்துக்கொண்டே கேட்பதாகச் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மலை சரிந்த நாட்களில் இங்கே இருந்தவர்களுக்கு, மழைக்குள் மைக் கட்டிய ஜீப் வந்து, பள்ளமான இடத்தில் இருப்பவர்கள் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டால் அடிவயிறு எப்படிக் குளிரும் என்பது தெரியும். பதற்றப்பட வேண்டாம் என்று சொல்லும் குரலைப் போலப் பதற்றம் தருவது வேறில்லை. கால்வெர்ட் அதைப் பிடித்திருக்கிறார். மூன்று நிமிடம்கூட ஓடாத இந்தப் பகுதிக்குப் பிறகு சட்டென்று டிரம்ஸ் வந்து சேரும்போது கிடைக்கும் நிம்மதி, மைக் ஜீப் வளைவில் திரும்பிப் போன பிறகு கிடைப்பதுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. பதிவு கலங்கல். வாத்தியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூழாகக் கேட்கும் இடங்கள் பல. டர்னரின் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் மின்னொலி மூட்டத்துக்குள் அடிக்கடி காணாமல் போய்விடுகின்றன. பாடும் சொற்களில் பாதி புரிவதில்லை. புரிந்தாலும் பெரிய நட்டம் தீரப்போவதில்லை என்பது என் கருத்து. இரண்டாம் பக்கத்தின் முடிவில் வரும் மின்னொலித் துண்டு வந்த சுவடு தெரியாமல் போகிறது. எல்.பி.யில் இடம் போதாமல் ‘பிரெய்ன்ஸ்டார்ம்’, ‘டைம் வி லெஃப்ட் திஸ் வேர்ல்டு டுடே’ ஆகிய இரண்டையும் வெட்டிக் குறைத்திருக்கிறார்கள். நீளமே உயிராக இருக்கும் இசையில் நீளத்தைக் குறைப்பது எனக்கு ஒப்பவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, கண்ணுக்கு உரியது. ஜோனதன் ஸ்மீட்டன், ‘லிக்விட் லென்’ என்ற பட்டப் பெயரில், எண்ணெயும் சாயமும் குழைந்து ஓடும் சில்லுகளையும் படங்களையும் ப்ரொஜெக்டர்களால் மேடை முழுக்கப் பாய்ச்சினார். அந்த ஒளிக்கு நடுவில் ஸ்டேசியா ஆடினார். இசைத்தட்டில் நமக்குக் கிடைப்பது பாதி நிகழ்ச்சிதான். மீதிப் பாதியை இந்த மலைச்சீமையில் மேகம் ஓரளவு ஈடுகட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே மூட்டம் விலகுவதும் மூடுவதுமாக இருக்கும் மாலையில் இரண்டாம் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ஆள் மாறிக்கொண்டே இருந்தும் இந்த மேடை மாறாமல் நின்றது வியப்புக்குரியது. தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை தொடர்ந்து இருப்பவர் டேவ் பிராக் ஒருவர்தான். 1941-இல் பிறந்தவர், எண்பதைத் தாண்டியும் மேடை ஏறிக்கொண்டிருக்கிறார். கால்வெர்ட் 1988-லும், லெம்மி 2015-லும், டர்னர் 2022-லும் காலமானார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்குப் பக்கத்தில் கோடைக் கதிர்த்திருப்ப நாளை ஒட்டி நடந்த இலவச விழாவில் இவர்கள் வாசித்தார்கள். 1985-இல் போலீஸ் தடுத்து அந்த விழாவே நின்றுபோகும்வரை அது நடந்தது. வேறு ஆட்களோடு வந்த நேரடி ஆல்பங்களில் இரண்டை நான் ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். 1980-இல் வெளிவந்த ‘லைவ் செவன்டி நைன்’ இதைவிடத் தெளிவான பதிவு. ஹியூ லாய்டு லாங்டனின் கிட்டார் கத்தி போல வெட்டிக்கொண்டு போகிறது. முதன்முதலில் கேட்பவருக்கு அது எளிதாக இருக்கும். 1986-இல் வந்த ‘லைவ் க்ரோனிக்கிள்ஸ்’ மூர்காக்கின் எல்ரிக் கதைகளை மேடையில் நாடகமாக ஆக்கிய முயற்சி. கதை மேலேறி, ஆட்டம் கீழிறங்கிவிட்டதாக எனக்குப் பட்டது. இரண்டிலும் பேஸ் வாசிப்பவர்கள் வேறு வேறு. ஆனால் அந்த அறுக்கும் கிட்டாரும், அதன் மேல் சுழலும் ஊளையும், பாட்டுக்கு நடுவில் மூச்சு விடாத பழக்கமும் அப்படியே இருக்கின்றன. கோயில் கொட்டு வாசிப்பவரின் மகன் வந்து வாசித்தாலும் சாமி அதே அடிக்குத்தானே ஆடுகிறது?

எங்கள் வீட்டு மேட்டிலிருந்து பார்த்தால் முத்தோரை ரேடியோ தொலைநோக்கி தெரியும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவே சுமார் 11 டிகிரி சாய்ந்திருப்பதால், அது இந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாகி, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. கோவிந்த் ஸ்வரூப் திட்டமிட்ட இந்தக் கருவி 1970-இல் இயங்கத் தொடங்கியது. ஹாக்விண்டின் முதல் ஆல்பம் வந்ததும் அதே வருடம். ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடர்ந்துகொண்டே இருக்க அதனால் முடியும். லண்டனில் தலைமுடி வளர்த்தவர்கள் சிக்னல் ஜெனரேட்டரைத் திருகி விண்வெளியைக் கற்பனை செய்துகொண்டிருந்தபோது, இங்கே உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு நடுவில் விஞ்ஞானிகள் உண்மையான விண்வெளியின் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. இருந்தாலும் முதல் பக்கத்தின் அந்த ஒன்றரை நிமிட முனகலைக் கேட்கும்போதெல்லாம் என் கண் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். கைபேசியில் கேட்பதாக இருந்தால் இலவசச் செயலியில் கேட்காதீர்கள். ‘தி அவேக்கனிங்’ கவிதைக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் சோப்பு விளம்பரம் வந்தால் அத்தனை மயக்கமும் அறுந்துவிடும். பணம் கட்டிய செயலியானாலும், பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிட்டு, இடைவெளியில்லாமல் ஓடும் அமைப்பை இயக்கிக்கொள்ள வேண்டும். எனது பழைய போனில் அந்த வசதி இல்லாததால் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அரை விநாடி வெறுமை விழுந்தது; வட்டத்தில் ஆடுபவன் காலில் யாரோ குறுக்குக் கட்டை வைத்தது போலத் தடுக்கியது. சிறிய புளூடூத் ஸ்பீக்கரில் லெம்மியின் பேஸ் கொசு ரீங்காரம் ஆகிவிடும். நல்ல ஹெட்ஃபோன் அதைவிட மேல். எல்.பி. என்றால் அட்டைக்காக, சி.டி. என்றால் தொடர்ச்சிக்காக என்பது என் கணக்கு. சி.டி.யில் நான்கு பக்கத்துக்கு நான்கு முறை எழுந்து போக வேண்டியதில்லை. வசதி உள்ளவர்களுக்கு, ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2023-இல் வந்த பெரிய பெட்டிப் பதிப்பில் அந்த டிசம்பர் மாத இரவுகள் வெட்டுப்படாமல் முழுமையாக இருக்கின்றன. ஒரே பாட்டு மூன்று இரவுகளில் எப்படி எப்படி நீள்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று ஒப்பிட்டுக் கேட்கும் பொறுமை உள்ளவர்களுக்கே அது. மற்றவர்களுக்குப் பழைய இரட்டை ஆல்பம் போதும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் மூன்றாம் பக்கத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. டர்ன்டேபிள் ஒரேயடியாக நிற்காமல் மெல்ல மெல்லச் சுற்றுக் குறைய, லெம்மியின் பேஸ் இறங்கி இறங்கி, கிணற்றுக்குள் உருளும் கல் போல ஆகி அடங்கியது. கூரையில் மழை மட்டும் அதே தாளத்தில் பெய்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது: “தம்பி, காயில் போயிடுச்சா?”